பூமி எவ்வளவு சூடாகும், எவ்வளவு சீக்கிரம்: எதில் வழக்கு, எதில் வழக்கில்லை

உங்கள் கேள்வியின் முதல் வரி, "காலநிலை மாற்றம் எவ்வளவு கடுமையாக இருக்கும், எவ்வளவு வேகமாக வரும்?" என்று இருக்கிறது. அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் மனத்தை அரிப்பது வேறு கேள்வி என்று தெரிகிறது. 2050க்குள் மனித இனமே அழிந்துவிடும் என்று ஒருவர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். மறுநாளே, கணினி மாதிரிகள் எல்லாம் மிகைக்கணக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று இன்னொருவர் எழுதியதைப் படித்திருக்கிறீர்கள். இருவரும் விஞ்ஞானிகளைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். படித்தவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லையென்றால், மூன்று வயது மகளை வளர்க்கும் நான் யார் பேச்சை எடுத்துக்கொள்வது என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். காலநிலை மாதிரிகள், அதாவது பூமியின் காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் நிரல்கள், தரும் கணிப்புகளை உண்மையான அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை. வளிமண்டலம், மேகம், கடல் வெப்பம் ஆகியவற்றில் எனக்குப் பயிற்சி உண்டு. பனிப்பாறைகளைப் பற்றி அந்தத் துறைக்காரர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டிருக்கிறேன். பொருளாதார இழப்பு பற்றி நான் வெறும் வாசகன். கீழே வருவதை அந்த வரிசையிலேயே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

"விஞ்ஞானிகள் சண்டை போடுகிறார்கள்" என்று வெளியே ஒரே வழக்காகத் தெரிவது உள்ளே மூன்று தனித்தனி வழக்குகள். நாம் இனி எவ்வளவு கரியமில வாயுவை (கார்பன் டை ஆக்சைடை) வெளியேற்றப்போகிறோம் என்பது ஒன்று. அது மனிதர்களின் முடிவைப் பற்றியது. அந்த அளவுக்குப் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்பது இரண்டாவது, அது இயற்பியல். அத்தனை டிகிரி சூட்டில் பனியும் மழையும் பயிரும் சமூகமும் என்ன ஆகும் என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் நம் அறிவு ஒரே அளவில் இல்லை. இரண்டாவதில் நாம் பலரும் நினைப்பதைவிட உறுதியாக இருக்கிறோம். மூன்றாவதில் பலரும் நினைப்பதைவிடத் தடுமாறுகிறோம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், எந்த முடிவுக்கு வேண்டுமானாலும் அதிலிருந்து ஒரு ஆதாரத்தை உருவிக்கொள்ளலாம்.

வழக்கே இல்லாத பகுதியைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை யூனிஸ் ஃபுட் 1856இலும் ஜான் டிண்டால் 1859இலும் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். அது இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896இல் கையாலேயே கணக்குப் போட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த இந்த வாயு, சார்ல்ஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்தது நம்முடையதுதான் என்பதற்கு முத்திரை இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன்-14 என்ற கார்பன் வகை மிஞ்சியிருக்காது. காற்றில் அதன் விகிதம் அதற்கேற்பக் குறைந்தது. வெயில் கூடியதால் வந்த சூடு என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. 1967இலேயே சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் தங்கள் எளிய மாதிரியில் இப்படித்தான் நடக்கும் என்று காட்டியிருந்தார்கள். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி உண்மையான விவாதம். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் கடைசியில் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்ற எண்ணை 'காலநிலை உணர்திறன்' என்கிறோம். வாயுவின் நேரடி விளைவு மட்டும் என்றால் சுமார் 1.2 டிகிரி. இதை ஐயவாதிகளும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சூடு வேறு எவற்றை எல்லாம் இழுத்து வரும் என்பதில்தான் வாதம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்; நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. வெளுத்த பனி உருகினால் கறுத்த கடல் வெளியே தெரியும். அது வெயிலை இன்னும் உறிஞ்சும். மேகம் இரண்டு பக்கமும் வேலை செய்யும்: தாழ்ந்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உயர்ந்த மேகம் போர்வையாக மூடும். 2001இல் வளிமண்டல விஞ்ஞானி ரிச்சர்ட் லிண்ட்சன், சூடு கூடினால் வெப்பமண்டலத்தின் உயர்ந்த மேகங்கள் சுருங்கி வெப்பத்தை வெளியே விட்டுவிடும் என்று ஒரு கருதுகோளை வைத்தார். மதிக்கத்தக்க யோசனை, சோதிக்கக்கூடிய யோசனை. சோதித்தார்கள். அவர் சொன்ன அளவுக்கு அந்த விளைவு அளவீடுகளில் அகப்படவில்லை.

1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு இந்த எண்ணை 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்றது. 34 ஆண்டுகள் கழித்து 2013இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கையும் அதே 1.5 முதல் 4.5 என்றது. "இத்தனை கோடி செலவழித்தும் ஒரு எண்ணைக் குறுக்க முடியவில்லையே" என்று கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குள்ளேயே அந்த வருத்தம் இருந்தது. 2021இல் வந்த ஆறாம் அறிக்கைதான் அதை 2.5 முதல் 4 வரை குறுக்கியது. மிகச் சிறந்த மதிப்பீடு 3. மாதிரிகளை மட்டும் நம்பாமல் 150 ஆண்டு வெப்பப் பதிவையும், பனியுகம் போன்ற பழங்காலத்துச் சான்றுகளையும், மேகங்களை நேரடியாகக் கவனித்ததையும் சேர்த்து எடை போட்டதால் அது முடிந்தது. இதில் உங்களுக்கு முக்கியமான செய்தி கீழ்முனை. 1.5 டிகிரியோடு போய்விடும் என்று நம்ப முன்பு கொஞ்சம் இடமிருந்தது. கடந்த பனியுகத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்கும் இடையே 5 முதல் 7 டிகிரி வேறுபாடு இருந்திருக்கிறது. தன்னைத் தானே அவ்வளவு அடக்கிக்கொள்ளும் பூமியாக இருந்தால் அந்த ஏற்றம் நடந்திருக்கவே முடியாது.

மேல்முனை ஏன் அதே அளவுக்குக் குறுகவில்லை? இதற்கு ஒரு கணக்குக் காரணம் உண்டு. முதலில் வந்த ஒவ்வொரு டிகிரியும் பின்னால் 0.5 டிகிரியை இழுத்து வருகிறது, அந்த 0.5 மறுபடி அதில் பாதியை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 டிகிரி கடைசியில் 2.4 ஆகும். இழுவை 0.6 என்றால் 3 டிகிரி. 0.7 என்றால் 4. 0.8 என்றால் 6. இழுவையில் ஒரே அளவு பிழை, கீழ்ப்பக்கம் 0.6 டிகிரியைக் குறைக்கிறது. மேல்பக்கம் ஒரு டிகிரியைக் கூட்டுகிறது, அதற்கடுத்த படியில் இரண்டு டிகிரியைக் கூட்டுகிறது. "சரியாகத் தெரியாது என்கிறார்களே, அப்படியென்றால் குறைவாகவும் இருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். நம் அறியாமை இரண்டு பக்கமும் சமமாகப் பரவியில்லை. அது மோசமான பக்கம் நோக்கி நீண்ட வாலோடு இருக்கிறது.

அதே சமயம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் தவறு. ஆறாம் அறிக்கைக்காக வந்த புதிய மாதிரிகளில் சில, உணர்திறன் 5 டிகிரிக்கும் மேல் என்றன. அவற்றின் முதல் வெளியீடுகள் கைக்கு வந்தபோது ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று நானே கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழை இல்லை, அவற்றில் மேகங்களைக் கையாளும் விதம் மாறியிருந்தது. மாதிரி பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. மேகமோ சில நூறு மீட்டரில் உருவாகிக் கரைகிறது. அதனால் மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல் சூத்திரங்களால் தோராயமாகத்தான் நுழைக்க முடிகிறது. அந்தச் சூடான மாதிரிகளைப் பழைய காலத்தை நோக்கி ஓட்டியபோது, கடந்த நூற்றாண்டின் வெப்பநிலையையோ பனியுகத்தையோ அவற்றில் பல சரியாகத் திருப்பித் தரவில்லை. அதனால்தான் ஐ.பி.சி.சி. இந்த முறை எல்லா மாதிரிகளையும் கூட்டி வகுக்கும் பழக்கத்தை விட்டு, கடந்த காலத்தோடு பொருந்துவதைப் பார்த்து எடை கொடுத்தது. இருந்தும் அந்தச் சூடான மாதிரியின் படம் ஒன்று தனியாக உருவப்பட்டு "புதிய ஆய்வு அதிர்ச்சி" என்று சுற்றும்போது இந்தப் பின்கதை அதோடு வருவதில்லை.

பழைய கணிப்புகள் எவ்வளவு பலித்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990இல் வந்த முதல் ஐ.பி.சி.சி. அறிக்கை, வழக்கம்போல் போனால் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி என்றது. நடந்தது ஏறத்தாழ 0.2. நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் 1988இல் அமெரிக்க செனட் குழுவின் முன் வைத்த மூன்று கணிப்புக் கோடுகளில் நடுக்கோடும் நடந்ததைவிடக் கொஞ்சம் மேலே போனது. இரண்டிலும் பிழையின் பெரும்பகுதி, எந்த வாயு எவ்வளவு வெளியேறும் என்ற ஊகத்தில் இருந்தது. அவர்கள் எதிர்பார்த்ததைவிட மீத்தேனும், குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்களும் குறைவாகவே கூடின. பழைய மாதிரிக் கணிப்புகள் 17ஐ 2019இல் ஒரு குழு எடுத்துச் சோதித்தது. அப்படியே ஒப்பிட்டால் 10 பொருந்தின. உண்மையில் வெளியேறிய அளவுக்கு ஏற்பத் திருத்தி ஒப்பிட்டால் 14 பொருந்தின. தவறிய இடமும் உண்டு. ஆர்க்டிக் கடலின் கோடைப்பனி 2012இல் வரலாறு காணாத அளவுக்குச் சுருங்கியபோது, இன்னும் சில ஆண்டுகளில் அது முழுக்க மறைந்துவிடும் என்று ஒரு சிலர் உறுதியாகப் பேசினார்கள். பனி குறைந்த நிலையிலேயே இருக்கிறது, ஆனால் 2012இன் சாதனை இன்னும் முறியவில்லை. மறுபக்கத்திலும் சறுக்கல் உண்டு. 1990களில் செயற்கைக்கோள் பதிவு, கீழ்வளிமண்டலம் சூடாகவே இல்லை என்று காட்டியது. ஐயவாதிகளின் வலுவான ஆயுதம் அதுதான். செயற்கைக்கோள் மெல்லக் கீழே இறங்கியதையும், அளக்கும் நேரம் நகர்ந்துகொண்டே போனதையும் கணக்கில் சேர்த்த பிறகு அந்த முரண் கரைந்தது.

வேகத்துக்கு வருகிறேன், இன்று சூடாக நடக்கும் வாதம் இதுதான். 1970களிலிருந்து பத்தாண்டுக்கு 0.2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறிவந்தது. சமீபத்திய பத்தாண்டுக்கு மனிதரால் ஏற்பட்ட வெப்ப உயர்வை 0.27 டிகிரி என்று மதிப்பிடுகிறார்கள். 2023 ஒரே தாவலாகத் தாவியது; 2024இல், 1850-1900 சராசரியைவிட 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. பூமிக்குள் வரும் ஆற்றலுக்கும் வெளியேறும் ஆற்றலுக்கும் உள்ள இடைவெளி 2005இலிருந்து 2019க்குள் ஏறத்தாழ இரண்டு மடங்கானதைச் செயற்கைக்கோளும் கடலுக்குள் மிதக்கும் கருவிகளும் தனித்தனியாகக் காட்டின. அந்த உபரி வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது. ஹான்சனும் அவர் கூட்டாளிகளும் இதை வைத்து உணர்திறன் ஏறத்தாழ 4.5 டிகிரி, வெப்பமேற்றம் வேகம் பிடித்துவிட்டது என்கிறார்கள். மைக்கேல் மான் போன்ற காலநிலை விஞ்ஞானிகள், கடந்த சில ஆண்டுகள் மாதிரிகள் காட்டிய எல்லைக்குள்தான் இருக்கின்றன, புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை என்கிறார்கள்.

இந்த வாதத்தின் மையத்தில் இருப்பது புகை. நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரியும்போது கரியமில வாயுவோடு கந்தகமும் வெளியேறி நுண்துகளாகிறது. அது வெயிலைத் தடுத்து, மேகங்களை வெளுக்கச் செய்து, பூமியைக் குளிரவைக்கிறது. 1991இல் பினட்டூபோ எரிமலை வெடித்தபோது இதை உலகமே பார்த்தது: அடுத்த ஆண்டில் பூமியின் சராசரி சுமார் அரை டிகிரி இறங்கி, பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. நாம் இத்தனை காலம் ஒரு கையால் சூடேற்றி மறு கையால் நிழல் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த நிழல் எவ்வளவு பெரியது என்பது சரியாகத் தெரியாததுதான் சிக்கல். கார்பன் டை ஆக்சைடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.2 வாட் சூடேற்றுகிறது. இதில் குழப்பம் குறைவு. நுண்துகள் தடுப்பது 0.4 வாட்டாகவும் இருக்கலாம், 1.7 வாட்டாகவும் இருக்கலாம். நிழல் சிறிது என்றால் இதுவரை நாம் பார்த்த சூடுதான் ஏறக்குறைய முழுச் சூடு. நிழல் பெரிது என்றால், மூச்சு முட்டும் காற்றைச் சுத்தம் செய்யச் செய்ய, மறைந்திருந்த சூடு வெளியே வரும். இதை நேராக அளக்க 2011இல் அனுப்பிய 'குளோரி' செயற்கைக்கோள் ஏவும்போதே கடலில் விழுந்தது. இந்தத் துறைக்கு அது பத்தாண்டு இழப்பு. 2024இல் ஏவிய 'பேஸ்', 'எர்த்கேர்' இரண்டும் இப்போதுதான் அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கியிருக்கின்றன. கப்பல் எண்ணெயில் கந்தக வரம்பை 2020 ஜனவரியில் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது 2023இன் தாவலுக்கு எவ்வளவு காரணம் என்பதிலும் இதே இழுபறி. பெரும்பாலான கணக்குகள் ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு என்கின்றன, ஹான்சன் குழு அதைவிடக் கூடுதல் என்கிறது. என் சொந்த மதிப்பீடு: வேகம் கூடியிருப்பது உண்மை, 2023இன் தாவலில், பசிபிக் கடல்பரப்பு இயற்கையாகவே சூடேறும் எல் நினோவுக்கும் பங்கு உண்டு, தாழ்ந்த மேகங்கள் குறைந்துவருவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அது தற்செயலான ஏற்ற இறக்கமா, சூட்டின் விளைவாகவே வந்ததா என்பதைச் சொல்ல இன்னும் சில ஆண்டு அளவீடு வேண்டும். இதை உறுதி என்று சொல்பவர் யாரானாலும் தரவுகளுக்கு முன்னால் ஓடுகிறார்.

முதல் வழக்கான வெளியேற்றத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த ஆய்வுகளில் நூற்றாண்டு முடிவில் 4, 5 டிகிரி என்று படித்திருப்பீர்கள். அவற்றில் பல, நிலக்கரிப் பயன்பாடு பல மடங்கு பெருகும் என்று எடுத்துக்கொண்ட உச்சக் காட்சியை (எதிர்கால வெளியேற்றம் இப்படிப் போகலாம் என்ற ஊகத்தை) "வழக்கம்போல் போனால்" என்ற பெயரில் பயன்படுத்தின. சூரிய மின்சாரத்தின் விலை 2010களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக விழுந்த பிறகு அந்தக் காட்சி நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை. இன்றைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் 2100இல் சுமார் 2.5 முதல் 3 டிகிரி என்று பல கணக்குகள் வருகின்றன. அழிவு பேசுபவர்கள் இந்த மாற்றத்தைச் சொல்வதில்லை. ஆறுதல் பேசுபவர்கள், 3 டிகிரி என்பது மனித நாகரிகம் தோன்றிய பிறகு பூமி ஒருமுறைகூடப் பார்க்காத சூடு என்பதைச் சொல்வதில்லை.

இங்கே நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. வெப்ப உயர்வு இதுவரை வெளியேற்றிய மொத்த அளவுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் போகிறது: 1,000 பில்லியன் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சுமார் 0.45 டிகிரி. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 40 பில்லியன் டன் வெளியேறுகிறது. ஆக, அது ஒன்றினால் மட்டும் பத்தாண்டுக்கு 0.18 டிகிரி. இந்தக் கணக்கின் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. நிகர வெளியேற்றம் பூஜ்யமானால், நூற்றாண்டுக்கணக்கில் நீளும் மெதுவான விளைவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், வெப்பநிலை உயர்வது சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய நின்றுவிடும். கடல் தொடர்ந்து வாயுவை உறிஞ்சுவதால் வரும் குளிர்ச்சியும், கடலுக்குள் தேங்கிய வெப்பத்தால் வரும் சூடும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. "இனி என்ன செய்தாலும் பல பத்தாண்டுச் சூடு வந்தே தீரும்" என்ற வாக்கியம், காற்றில் வாயுவின் அடர்த்தி இன்றைய அளவிலேயே நிலைத்து நிற்கும் நிலைமைக்குச் சொன்னது. அதை வெளியேற்றம் நின்றுபோகும் நிலைமைக்குப் பொருத்திச் சோர்ந்துபோனவர்கள் ஏராளம்.

சூடு நின்றாலும் நிற்காதது கடல். என் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1901இலிருந்து 2018 வரை கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அந்த நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டில் வருடத்துக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006-2018இல் 3.7 ஆகிவிட்டது. இன்றைய பாதைக்கு அருகான நடுத்தரக் காட்சியில் 2100க்குள் 44 முதல் 76 சென்டிமீட்டர் வரை உயரலாம் என்கிறது ஆறாம் அறிக்கை. அதே அறிக்கை, வெளியேற்றம் மிகக் கூடுதலாக இருந்து பனித்தட்டுகளும் எதிர்பாராதபடி குலைந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் ஒதுக்க முடியாது என்கிறது. ஓர் எண்ணுக்கும் மற்றொன்றுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணம் மேற்கு அண்டார்க்டிகா. அங்கே பனியின் அடிப்பாகம் கடல்மட்டத்துக்குக் கீழே, உள்ளே போகப்போகச் சரியும் தரையில் அமர்ந்திருக்கிறது. த்வைட்ஸ் பனியாறு மட்டும் முழுக்கக் கரைந்தால் கடல் 65 சென்டிமீட்டர் உயரும். அதன் முகப்பில் உயரமான பனிச்சுவர்கள் தன் எடையாலேயே அடுத்தடுத்து இடிந்து விழும் என்று 2016இல் ராபர்ட் டிகான்டோவும் டேவிட் பொல்லார்டும் ஒரு வழிமுறையை முன்வைத்தார்கள். த்வைட்ஸ் இந்த நூற்றாண்டில் அந்த விதத்தில் இடிவது ஐயம் என்று 2024இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதற்காக அது நிலையாக இருக்கிறது என்று பொருளில்லை. அடியில் வெதுவெதுப்பான கடல்நீர் புகுந்து அரிப்பதை நேரடியாகவே கண்டிருக்கிறார்கள். நீண்ட காலத்துக்குப் பழங்காலம் தரும் சாட்சி தெளிவானது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் பூமி இன்றைய அளவுக்கே சூடாக இருந்தது. அன்று கடல் இன்றைக்குவிட 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் நின்றது. ஆக, எவ்வளவு உயரும் என்பதைவிட எத்தனை நூற்றாண்டில் உயரும் என்பதில்தான் சந்தேகம்.

மற்ற பயங்களைச் சுருக்கமாகத் தரம் பிரிக்கிறேன். அட்லாண்டிக் கடலின் பெரும் நீரோட்டம் இந்த நூற்றாண்டில் பலவீனமாகும் என்பதில் பெரும் உடன்பாடு உண்டு. அது நூற்றாண்டு நடுவிலேயே குலைந்துவிடலாம் என்று 2023இல் ஒரு ஆய்வு சொல்லிப் பெரும் செய்தியானது; நேரடி அளவீடு 2004இலிருந்துதான் தொடர்ச்சியாக இருக்கிறது, அவர்கள் மறைமுகத் தடயங்களிலிருந்து ஆண்டு சொன்னார்கள். 2100க்கு முன் திடீர்க் குலைவு இராது என்று ஐ.பி.சி.சி. நடுத்தர நம்பிக்கையோடுதான் சொல்லியிருக்கிறது. 'நடுத்தர நம்பிக்கை' என்ற சொற்களை, விமானத்தில் ஏறும் முன் ஒருவர் சொன்னால் எப்படிக் கேட்பீர்களோ அப்படிக் கேளுங்கள். வடதுருவத்து நிரந்தர உறைமண்ணில் காற்றில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்பன் இருக்கிறது. அது மெல்லக் கசியும், கணக்கைக் கடினமாக்கும், ஒரே வீச்சில் வெடிக்காது. கடலடியில் உறைந்த மீத்தேன் திடீரென்று கிளம்பி எல்லோரையும் அழிக்கும் என்ற கதைக்கு இந்த நூற்றாண்டில் ஆதாரமில்லை.

2050க்குள் மனித இனம் அழியும் என்பதற்கும் எந்த ஐ.பி.சி.சி. அறிக்கையிலும் இடமில்லை. "இன்னும் 12 ஆண்டுதான்" என்ற முழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் 2030க்குள் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் 2010இன் அளவிலிருந்து 45 சதவீதம் குறைய வேண்டும் என்று 2018இன் சிறப்பு அறிக்கை சொன்ன வாக்கியத்திலிருந்து. அது ஓர் இலக்குக்கான கணக்கு. 2030இல் எதுவும் முடிந்துபோவதில்லை, 1.5ஐத் தாண்டினால் 1.6இல் நிறுத்துவது 1.7ஐவிட நல்லது.

மூன்றாவது வழக்கில் உறுதியாகச் சொல்லக்கூடியது வெப்ப அலைகள். தொழிற்புரட்சிக்கு முன் 50 ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கக்கூடிய கடும் வெப்பம், ஒரு டிகிரி உலகில் ஏறத்தாழ 5 மடங்கு அடிக்கடி வருகிறது. 2 டிகிரியில் 14 மடங்கு, 4 டிகிரியில் 39 மடங்கு. 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் அந்த ஊரே தீக்கிரையானது. மழை எங்கே கூடும், எங்கே பொய்க்கும் என்பதில் மாதிரிகள் பல பகுதிகளில் ஒத்துப்போவதில்லை. கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும் என்பதில் ஒத்துப்போகின்றன. பணக்கணக்கில், 2018இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்ட்ஹாஸின் மாதிரி 3 டிகிரிக்கு உலக உற்பத்தியில் சில சதவீத இழப்பு என்றது. பொருளாதார அறிஞர் மார்ட்டின் வைட்ஸ்மன், சராசரி இழப்பை விடுங்கள், அந்த நீண்ட வாலில் இருக்கும் பேரழிவுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று வாதிட்டார். மேலே போட்ட இழுவைக் கணக்கை நாள்தோறும் பார்ப்பவன் என்பதால் என் மனம் வைட்ஸ்மன் பக்கம் சாய்கிறது; இதில் தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை.

இனி யாரையாவது கேட்கும்போது மூன்றை மட்டும் விசாரியுங்கள்: எந்த வெளியேற்றக் காட்சியை வைத்துச் சொல்கிறார், எந்த ஆண்டுக்கு, உலகச் சராசரியா நிலப்பரப்பா. கடைசிக் கேள்வி சிறியதாகத் தெரியும். ஆனால் 2011-2020இல் கடல் பரப்பு 0.9 டிகிரிதான் சூடாகியிருந்தது, நிலம் ஏற்கெனவே 1.6ஐ எட்டியிருந்தது. மனிதர் வாழ்வது நிலத்தில்.

உங்கள் மகளுக்கு 28 வயதாகும்போது நூற்றாண்டின் நடுப்பகுதி வந்திருக்கும். இன்றைய பாதையில் அப்போது உலகச் சராசரி 2 டிகிரியை ஒட்டி இருக்கும். நிலத்தில் அதைவிடக் கூடுதல். அதில் அடுத்த இருபது ஆண்டுக்கான பங்கு, எந்தக் கொள்கை வென்றாலும் பெரிதாக மாறாது. காட்சிகளின் கோடுகள் அதற்குப் பிறகுதான் தெளிவாகப் பிரிகின்றன. ஆகவே அவள் இளமைக்குத் தேவையானது தயாரிப்பு: வெப்பத்தைத் தாங்கும் வீடு, தண்ணீர், கடலோரத்தில் எங்கே குடியிருப்பது என்ற முடிவு. அவளுக்கு 78 வயதாகும்போது 2100. அன்று 2 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும் உலகமும் இருக்கலாம், 3ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் உலகமும் இருக்கலாம். அந்த இடைவெளியில் மேகத்துக்கும் பனிக்கும் ஒரு பங்கு உண்டு, அதை நாங்கள் அளந்துகொண்டிருக்கிறோம். மீதிப் பங்கு, அவளுக்கு முப்பது வயதாவதற்குள் எவ்வளவு எரிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.